ஹாரன் அடிக்காத டிரைவர்

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி வழியாக உள்கிராமங்களுக்குப் போய்வந்த ஒரு தனியார் பஸ்ஸில் நான் பல வருஷம் கண்டக்டராக இருந்தேன். அந்த வண்டி ஒருநாளும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. ஏறுகிற ஜனங்கள் இஞ்சினைத் திட்டினார்கள், முதலாளியைத் திட்டினார்கள், ரோடு போட்ட காண்ட்ராக்டரைத் திட்டினார்கள். என்னை முகத்துக்கு நேராகவே திட்டினார்கள். உண்மையான குற்றவாளி முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருப்பார். அவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

எனக்கு அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும். எதிரில் ஒரு மாடு வந்தால் ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போவதுதான் டிரைவருக்கு லட்சணம் என்று நினைத்தவன் நான். அவர் ஹாரனைத் தொடவே மாட்டார். ரப்பர் பந்து வைத்த அந்தக் காலத்து ஹாரன். முதலாளி வாங்கிப் போட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே புதுக்கருக்கு அழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மாடு நடுரோட்டில் நின்றால் வண்டியும் நிற்கும். மாடு திரும்பி அவரைப் பார்க்கும். அவரும் அதைப் பார்ப்பார். நான் பின்படியில் நின்றபடி, "அடிங்கண்ணா, நேரமாவுது" என்று கத்துவேன்.

"போவட்டும் நைனா. அதுக்கு இன்னா வேலையோ" என்பார்.

மாட்டுக்கு என்ன வேலை இருக்க முடியும் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஒன்றும் பிடிபடவில்லை.

ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டனையும் போட்டிருப்பார். வெற்றிலை, பீடி, சாராயம் எதுவும் கிடையாது. அதற்குமுன் லாரி ஓட்டியவர் என்று சொன்னார்கள். லாரி ஓட்டியவருக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம். கேட்டதற்கு, "எடுத்துக்கினேன்" என்றார்.

அது அவருடைய சொல். கற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இதை இன்னாரிடம் எடுத்தேன், அதை அங்கே எடுத்தேன் என்பார். ஊரெல்லாம் அவருக்காக எதையோ வாசலில் வைத்திருப்பது போலவும், இவர் போகிற போக்கில் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வருவது போலவும் இருக்கும் கேட்பதற்கு. பொறுமையை யாரிடம் எடுத்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மானாம்பதிக்கு முந்தின நிறுத்தத்தில் மோர் விற்கிற ஒரு அம்மாள் ஏறுவாள். தலையில் பெரிய பானை. படியேறி உள்ளே வந்து, சும்மாட்டிலிருந்து பானையை எடுத்து, இடுப்பில் ஒரு கணம் தாங்கி, பிறகு தரையில் வைப்பாள். ஒரு சொட்டு சிந்தாது, ஒரு சத்தம் வராது. அந்த நேரத்தில் நம் டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் விசிலை ஊதி ஊதி வாய் வலிக்கும். சில நாள் கழித்து வண்டியில் கியர் மாற்றுவதே தெரியாமல் போனது. முதலில் எனக்கு விளங்கவில்லை. நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்காமல் பேசிக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"மோர்க்காரம்மா கிட்ட எடுத்தது. அது ஒரேயடியா எறக்கல பாரு. இடுப்புல ஒரு தரம் வெச்சி, அப்பறம் எறக்குது. நானும் ரெண்டு கியருக்கு நடுவுல ஒரு தரம் சும்மா வெச்சி எடுக்கறேன்" என்றார்.

அந்த அம்மாள் இறங்கும்போது அவளிடமும் இதைச் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டிரைவருக்கு மோரு வேணும்னா கேட்டு வாங்கிக் குடிக்கறதுதான. இதுக்கு எதுக்கு இம்மாம் பேச்சு" என்று ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு நாள் வைக்கோல் லாரி ஒன்று அச்சு முறிந்து ஏரிக்கரை ரோட்டில் குறுக்கே நின்றுவிட்டது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கழனி. வண்டியைத் திருப்ப இடமில்லை. கரை முடிகிற இடம் வரைக்கும் பின்னாலேயே போக வேண்டும். நான் இறங்கிப் பின்னால் ஓடி, "லெஃப்ட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றேன். அவர் கழனிப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நட நட ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை கோணவும் இல்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தவர், வண்டியை எடுத்தார். எடுத்த வண்டி அந்தப் பெண்களின் வேகத்திலேயே பின்னால் வந்தது, கரை முடியும் வரை. நான் கத்தியதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"திரும்பித் திரும்பிப் பாத்தா கோணிக்கும் நைனா. முன்னால நட்டத பாத்துக்கினே வந்தா பின்னால நேரா வரும்" என்றார் டீக்கடையில். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, இன்னொரு முறை பார்க்கவேண்டும் போலவும் இருந்தது.

அவர் எடுத்துக்கொள்வதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கொடுக்கவும் செய்வார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை.

மாசி வந்தால் எங்கள் பக்கத்து ஜனங்கள் கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி ஏறிக் காய் உடைந்து கொள்ளு உதிரும். மற்ற டிரைவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. காய்ந்த செடித் தாள் அச்சில் சுற்றிக்கொள்ளும், சூடேறினால் நெருப்புப் பிடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகத் தாண்டிப் போவார்கள். நம்மவர் அங்கே வந்ததும் வண்டியைத் தேர் மாதிரி ஆக்கிவிடுவார். போகும்போது ஒரு தடம், வரும்போது அதற்குப் பக்கத்தில் ஒரு தடம், மறு நடையில் இன்னும் ஒரு சாண் தள்ளி. ஒரு காய் விடாமல் மிதித்துக்கொண்டு போவார். பழகிப்போன பெண்கள் கோலால் தாளைப் புரட்டிப் போட்டுவிட்டு வண்டியையே மறிக்க ஆரம்பித்தார்கள்.

"டிரைவரே, இந்த ஓரம் இன்னும் மசியல."

ரிவர்ஸ் எடுப்பார். உள்ளே ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, பஸ் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருக்கும்.

"வண்டி ஓட்றமா, களத்துல போரடிக்கறமா? ஜனங்க டைம்முக்குப் போவ வாணாமா?" என்று நான் கத்தினேன் ஒரு நாள்.

"போறவங்க வூட்லயும் கொள்ளு ரசந்தான் நைனா" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் முந்தின நிமிஷம் வரை என்னைப் பிடுங்கியவர்கள். பிறகு நான் வண்டிக்கு அடியில் படுத்து அச்சில் சுற்றிய தாளை அரிவாளால் அறுத்து எடுத்தேன். அவர் பக்கத்தில் குந்தி, "பேஜாரு பண்ணிட்டேனா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்று அவரும் ஒரு கை பிடித்தார்.

ஐப்பசிக்கு முன்னால், ஏரிக்கரைப் பனைமரங்களில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிற காலத்தில் ஒரு நாள் இஞ்சினையே நிறுத்திவிட்டார். சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டு வண்டிக்குள் வந்து கூரையில் அசைந்துகொண்டிருந்தது. இஞ்சின் நின்றதும் அத்தனை சத்தமும் நின்று, குருவிகளின் கீச்சு மட்டும் கேட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று விழித்துக்கொண்டு கூரையில் ஆடிய வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது. வண்டி ரோட்டில் நிற்கிறதா, தண்ணீரில் மிதக்கிறதா என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை.

"ஆம்பளக் குருவி பாதி கூட்ட கட்டிட்டு பொண்ண கூப்புடும். அது வந்து உள்ள பூந்து பாக்கும். புடிக்கலன்னா போயிடும். இதோ போயிடுச்சி, கேக்குதா? இவன் சண்ட போட மாட்டான். அடுத்த மட்டைல போயி மொதல் நாரு முடிஞ்சிக்கினு இருப்பான்" என்றார் எல்லாருக்கும் பொதுவாக.

போன வாரம்தான் பெண் பார்த்துவிட்டு வந்து, பெண் வீட்டிலிருந்து வேண்டாம் என்று பதில் வந்திருந்த ஒரு வாலிபன் முன்சீட்டில் இருந்தான். அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு ஊர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இப்படியே இருந்தவருக்கு ஒரு முறை எல்லாம் நின்றுபோனது. ஒரு புயல் மழையில் அவருடைய சம்சாரம் இறந்துவிட்டாள். இரண்டு நாள் காய்ச்சல். ரோடெல்லாம் வெள்ளம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஊர் ஊராக ஜனங்களைக் கொண்டுபோய் விட்டவருக்குத் தன் வீட்டு மனுஷியைக் கொண்டுபோக முடியவில்லை. காரியம் முடிந்தும் அவர் வேலைக்கு வரவில்லை. முதலாளி வேறு டிரைவர் பார்க்கத் தொடங்கியிருந்தார். பிறகு ஒரு காலையில் ஷெட்டில் வந்து நின்றார். கழுத்துப் பட்டன் போட்டிருந்தது.

டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "காலனி பக்கமா நடந்துக்கினு இருந்தேன் நைனா. மயைல பாதி குடிசைங்க போயிடுச்சி. ஒரு பொம்பள, கூலிக்குப் போவுமே, நம்ம வண்டில கூட வரும். அதும் வூடு இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. சொவரு கூட இல்ல. அது காலைல எந்திரிச்சி வாசல பெருக்கிக்கினு கீது. வூடே இல்ல, வாசல பெருக்கிக்கினு கீது. தண்ணி தெளிச்சி, சின்னதா ஒரு கோலமும் போட்டுட்டு எந்திரிச்சி இடுப்புல கைய வெச்சிக்கினு பாத்துது. நான் நேரா வூட்டுக்கு வந்து குளிச்சிட்டு சட்டய மாட்டிக்கினேன்."

அன்றைக்கு முழுக்க நான் யார் மேலும் எரிந்து விழவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எந்த வருஷம் என்று சொல்லத் தெரியவில்லை, அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார். வண்டி கரைமேல் ஏறியதும், "அங்க இன்னா கீது நைனா" என்பார்.

"தண்ணி" என்பேன்.

"தண்ணி தெரியுது. தண்ணில இன்னா கீது?"

டிக்கெட் கொடுப்பேனா, ஏரியைப் பார்ப்பேனா? வேண்டாவெறுப்பாகக் குனிந்து ஜன்னல் வழியே பார்த்து, "நார நிக்கிது" என்பேன். நாரை நின்றால் மட்டும் போதாது அவருக்கு. எப்படி நிற்கிறது, எத்தனை தள்ளி நிற்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று வேண்டும். பேச்சுத் துணைக்குக் கேட்கிறார், சம்சாரம் போன மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போனது. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். அல்லிக்கிழங்கு எடுக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நகர்வதைச் சொன்னேன். எருமையின் மேல் உட்கார்ந்து வந்த கரிச்சான், எருமை முங்கியதும் என்ன செய்தது என்று சொன்னேன். ஒரு நாள் அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "அண்ணா, இன்னிக்கு தண்ணி பச்சையா கீது, ஓரத்துல மட்டும் செவப்பு" என்று நான் பின்படியிலிருந்து கூவினேன். வண்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டில் என் மனைவி, "இப்பல்லாம் வந்ததும் கத்தறதில்லயே, உடம்பு சரியில்லயா" என்று கேட்டாள்.

ஒரு கார்த்திகை மாதம். ஏரி நிரம்பி, மிகைநீர் வழிகிற கலங்கல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ரோடு கரையிலிருந்து இறங்கி, கலங்கலுக்குக் கீழே ஒரு தரைப்பாலத்தைக் கடந்து போகும். உபரித் தண்ணீர் அதன்மேல் கணுக்காலளவு ஓடும். பாலத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீர் விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். வெயில் சாய்ந்து எதிரே முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். சரிவில் இறங்கிய வண்டி மெதுவாகி, மெதுவாகி, அவருடைய வழக்கப்படி ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. இஞ்சினையும் நிறுத்திவிட்டார்.

"இன்னாண்ணா?"

"கொக்குங்க" என்றார் முன்னால் பார்த்தபடி. "மீனு புடிக்குதுங்க. போவட்டும்."

நான் முன்பக்கம் வந்து கண்ணாடி வழியே பார்த்தேன்.

தரைப்பாலத்தின் நடுவில், தண்ணீரில் குந்திக்கொண்டு, ஏழெட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை. கலங்கலில் அடித்து வந்த மீனைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்ததும் அவர்களுக்குத் தெரியாது, நின்றதும் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

"வெரட்டாத நைனா. அதுங்களே போவும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கொக்கைப் பார்க்கிறபோது எப்போதும் இருக்கிற அந்த முகம்தான். சின்னச் சிரிப்போடு, நேராகப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பிள்ளைகளில் ஒருவன் எழுந்து திரும்பினான். பஸ்ஸைப் பார்த்துவிட்டு, பயப்படாமல், கையிலிருந்த மீனை உயரத் தூக்கிக் காட்டிக் கத்தினான்.

"டிரைவரே, வெராலு."

அந்த இரைச்சலிலும் அவருக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பு அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் சலசலவென்று ஓரத்துக்குப் போனார்கள். வழி விட்டாயிற்று. பின்னால் யாரோ, "இன்னும் இன்னாத்துக்குப்பா நிக்கிது" என்றார்கள்.

சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஷெட்ல சொல்லி வேற ஆள கூப்டு நைனா. வண்டி இங்கியே நிக்கட்டும்" என்றார். இறங்கி, தண்ணீரில் கால் நனைத்து அந்தப் பிள்ளைகளிடம் போனார். ஒவ்வொருவன் தலையிலும் கையை வைத்து வைத்துப் பார்த்தார். அவர்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருவன் ஓடிப்போய் மறுபடி வரிசையில் நின்று இன்னொரு முறை வைத்துக்கொண்டான்.

எத்தனையோ ராத்திரி இதை நான் யோசித்திருக்கிறேன். கொக்கு என்று நினைத்த வேறு எந்த டிரைவரும் நின்றிருக்க மாட்டார். பறந்துவிடும் என்று அப்படியே விட்டிருப்பார். அந்த இரைச்சலில், தூரத்தில் வரும்போதே ஹாரன் அடித்திருந்தாலும் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காது. கொக்கின் சாப்பாட்டைக் கெடுக்கக்கூடாது என்று நிற்கிற ஒரே ஒரு மனுஷன் அன்றைக்கு அந்த சீட்டில் இருந்தார். அவருக்குக் கண் தெரியவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நன்றி சொல்வதா, நடுங்குவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவர் அதன்பின் வண்டியைத் தொடவில்லை. முதலாளி ஆள்மேல் ஆள் விட்டார். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஓரிக்கையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மார்கழியில் நான் பார்க்கப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொன்னாராம். காஞ்சிபுரத்தில் முகாம் போடும்போது ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன். அதுபற்றி அவருக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

"எங்க நைனா தூங்கறதே இல்லண்ணா. உக்காந்துக்கினு எண்ணிக்கினே கீது. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது" என்றாள் மகள் என்னைத் தனியே அழைத்து.

என்னிடம் சொன்னார். கிணற்றடியில் உட்கார்ந்திருந்தோம். எதிரே கீரைப் பாத்தியில் மகள் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எதைக் கண்டாலும் கழுத்தை நீட்டுகிறவர், தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எப்பலேர்ந்துன்னு தெரியலியே நைனா. ஒரு நாளு பொட்டுனு போயிருந்தா தெரியும். இது காலைல பனி ஏர்ற மாதிரி ஏறியிருக்கு. ரோடு எனக்குக் கைல கீது. பள்ளம் எங்க, மேடு எங்க, எந்த எடத்துல யாரு நிப்பாங்க, எல்லாம் தெரியும். அதான் தெரியாம போச்சி. எத்தினி பேரு. புள்ளத்தாச்சிங்க, ஸ்கூலு புள்ளைங்க. கண்ண மூடிக்கினு கொண்டுபோயிக்கீறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆடிக்கு முன்னாடி நல்லாத்தான் தெரிஞ்சிது. இல்ல? ஆடிலேர்ந்துதான் கொஞ்சம் மங்கல். கூட இருந்தவன் நீதான, சொல்லு."

"நல்லாத்தாண்ணா தெரிஞ்சிது" என்றேன். தெரிந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்ட ஒவ்வொரு 'இன்னா கீது'வும் அப்போது எனக்குள் வந்து நின்றது. துணைக்குக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, அவருக்கே தெரியாமல் கேட்டாரா? ஆடி என்ற ஒரு சொல்லைக் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை விட்டால் விழுந்துவிடுவார் என்று பட்டது. பஸ் பிடித்து ஊர் வருகிற வரை எனக்கு மனசு சரியில்லை.

தையில் ஒரு கண், பங்குனியில் ஒரு கண். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாகச் சேதி வந்தது. புது டிரைவர் நல்ல பையன். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் என்னைத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் தவித்தார்கள். நான் கரைமேல் ஏறும்போது தண்ணீரைப் பார்ப்பேன். சொல்வதற்கு ஆள் இல்லை.

சித்திரையில் ஒரு நாள் காலை, மானாம்பதி கூட்டுரோட்டில் மகளோடு நின்றுகொண்டிருந்தார். அம்மனுக்குப் பொங்கல் வைக்கச் சொந்த ஊருக்குப் போகிறார்களாம். மூக்கின்மேல் கனமான சோடாபுட்டிக் கண்ணாடி. கண் இரண்டும் அதற்குள் பெரிதாகத் தெரிந்தன. கழுத்துப் பட்டன் போட்டிருந்தது. ஏறியதும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மோர்க்காரம்மாவின் பானையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மீச எங்க நைனா?"

நான் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். என் பெரிய பெண்ணுக்கு மொட்டை போடத் திருப்பதி போனபோது நானும் முடி கொடுத்தேன். கூடவே மீசையும் போயிற்று. இப்படியே நன்றாக இருக்கிறது என்று மனைவி சொன்னதால் அப்புறம் வளர்க்கவில்லை. அப்போது அந்தப் பெண் இடுப்புக் குழந்தை. இப்போது பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மீசை போன புதிதில் இந்த வண்டியில் என்னைக் கேலி செய்யாதவர் இல்லை. டீக்கடை பெஞ்சில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்த இவர் ஒருவர்தான் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதைக்காகச் சொல்லவில்லை என்று இருந்துவிட்டேன்.

அப்படியானால் கண் மங்கியது ஆடியில் இல்லை, அதற்கு முந்தின ஆடியிலும் இல்லை. ஏரிக்கரையும் பள்ளிக்கூட வாசலும் ரோட்டில் கொள்ளு புரட்டிக்கொண்டிருந்த பெண்களும் வரிசையாகக் கண்முன் போனார்கள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகளும் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

"எப்ப எடுத்தே?" என்று கேட்டார் மறுபடி, தாழ்ந்த குரலில்.

"நீங்க வண்டிய வுட்ட பெறவுதாண்ணா. தைல திருப்பதி போனோம்" என்றேன்.

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மோர்க்காரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். மீசை போன நாளில் என்னை எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்தவள் அவள்தான். ஒன்றும் சொல்லாமல் பானைக்குக் குனிந்து ஒரு டம்ளர் மோர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். பிறகு இன்னொரு டம்ளர் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"அதான பாத்தேன்" என்று அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். "நல்லாத்தான் கீது உனுக்கு."

நான் மோரைக் குடித்துவிட்டு விசில் கொடுத்தேன்.